ஆப்கானிஸ்தான் என்ற பெயர் அந்தப் பெண்களுக்கும் சொந்தம்

2025 அக்டோபர் இறுதியில் மொராக்கோவில் ஃபிஃபா ஒரு சிறு தொடரை நடத்தியது. பெண்கள் அணிகள் நான்கு. சாட், துனிசியா, லிபியா ஆகிய மூன்றும் தங்கள் நாட்டின் பெயரிலேயே களமிறங்கின. நான்காவது அணிக்கு 'ஆப்கன் விமன் யுனைடெட்' என்று பெயர். அதில் ஆடியவர்கள் தலிபான் ஆட்சிக்குத் தப்பி ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் சிதறி வாழும் ஆப்கன் பெண்கள். முதல் ஆட்டத்தில் சாட் அணியிடம் 6-1 என்று தோற்றார்கள். அடுத்ததில் துனிசியாவிடம் 4-0. கடைசி ஆட்டத்தில் லிபியாவை 7-0 என்று வென்றார்கள். அவர்கள் அடித்த அந்த எட்டு கோல்களில் ஒன்றுகூட ஆப்கானிஸ்தான் தேசிய அணியின் கணக்கில் சேரவில்லை. பயிற்சியாளர், ஜெர்சி, நடுவர், மைதானம் எல்லாம் கிடைத்த பிறகும் நாட்டின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி விளையாடும் உரிமை, அந்த நாட்டின் தலைநகரில் ஆட்சி செய்பவர்கள் மனமுவந்து கொடுத்தால்தான் வருமா? அப்படி இருக்கக் கூடாது என்பதே என் வாதம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாடு தன் வீராங்கனைகளை விரட்டினால், அவர்களை அந்த நாட்டின் பெயரிலேயே ஆடவைக்கும் கடமை உலகக் கால்பந்து அமைப்புக்கு உண்டு. அந்தக் கடமை எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஃபிஃபா நாடுகளின் அமைப்பன்று, தேசியக் கால்பந்துக் கூட்டமைப்புகளின் அமைப்பு. ஒரு நாட்டின் கூட்டமைப்பு எந்த அணியை அனுப்புகிறதோ அதுவே தேசிய அணி. அது அனுப்பாவிட்டால் அப்படியோர் அணியே இல்லை. 2021-க்குப் பிறகு ஆப்கன் கூட்டமைப்பு பெண்கள் அணியை அனுப்பவில்லை. தலிபான் ஆட்சியின்கீழ் அனுப்பவும் முடியாது. கூட்டமைப்புக்கு இத்தனை அதிகாரம் கொடுத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. அரசுகள் விளையாட்டுக்குள் கைவைக்கக் கூடாது என்பதுதான் அது. அந்த விதியை ஃபிஃபா எவ்வளவு கறாராக அமல்படுத்தும் என்பது நமக்கே தெரியும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை நிர்வகிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமர்த்தியிருந்தபோது, மூன்றாம் தரப்பின் தலையீடு என்று சொல்லி 2022 ஆகஸ்ட் நடுவில் இந்தியாவை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஆட தாஷ்கண்ட் வரை போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா பெண்கள் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். அக்டோபரில் இந்தியா நடத்தவிருந்த 17 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையே ஊசலாடியது. ஆகஸ்ட் முடிவதற்குள் தடை நீங்கியதால் தப்பித்தோம். நீதிமன்றம் அமர்த்திய ஒரு நிர்வாகக் குழுவே பொறுக்க முடியாத தலையீடு என்றால், நாட்டின் பெண்கள் எவரும் பந்தைத் தொடக் கூடாது என்று ஓர் ஆட்சி சொல்வதற்கு என்ன பெயர்? ஃபிஃபாவின் சாசனத்தில் நான்காவது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. மீறும் உறுப்பினரை இடைநீக்கவும் வெளியேற்றவும் அது இடம் தருகிறது. ஆப்கானிஸ்தான் விஷயத்தில் அந்தப் பிரிவு புத்தகத்திலேயே கிடந்தது.

இந்த அணியின் கதையே கூட்டமைப்பை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தைக் காட்டுகிறது. காபூலில் காலிதா போபல் முதலான பெண்கள் முன்னின்று உழைக்க, 2007-இல் தேசிய மகளிர் அணி உருவானது. 2010-இல் வங்கதேசத்தில் நடந்த தெற்காசியப் போட்டியில் நேபாளத்திடம் 13-0 என்று தோற்றது. இரண்டே ஆண்டில், 2012-இல் கொழும்பில், பாகிஸ்தானை 4-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அரையிறுதியில் இந்தியா 11 கோல் அடித்தது என்பதும் உண்மைதான். ஆனால் பெண்கள் வெளியே ஓடுவதே போராட்டமாக இருந்த ஒரு நாட்டிலிருந்து வந்த அணி, ஐந்தே வருடத்தில் தெற்காசியாவின் கடைசி நான்கில் நின்றது. பிறகு வந்தது வேறு வகை அடி. கூட்டமைப்பின் தலைவராக இருந்த கெராமுதீன் கரீம், வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்ற புகார் 2018-இல் வெடித்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்களில் போபலும் ஒருவர். விசாரித்த ஃபிஃபா நெறிமுறைக் குழு 2019-இல் கரீமுக்கு வாழ்நாள் தடை விதித்தது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் மறு ஆண்டு அதை உறுதிசெய்தது. தலிபான் காபூலுக்குள் வருவதற்கு முன்பே இந்தப் பெண்கள் தங்கள் கூட்டமைப்பால் வஞ்சிக்கப்பட்டவர்கள். எந்த நிர்வாகத்தின் தலைவரிடமிருந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்ததோ, அதே நிர்வாகத்தின் கையெழுத்து இருந்தால்தான் நாட்டுக்காக ஆடலாம் என்பது எப்படி நீதியாகும்?

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தபோது, டென்மார்க்கில் இருந்த போபல் தன் பழைய தோழிகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: சமூக வலைதளக் கணக்குகளை மூடுங்கள், புகைப்படங்களை அழித்துவிடுங்கள், தேசிய அணியின் ஜெர்சியை எரித்துவிடுங்கள். அத்தனை ஆண்டுகளாக அந்த ஜெர்சியைப் பெருமையோடு போடுங்கள் என்று சொல்லிவந்தவர் அவர். நாட்டின் சின்னத்தை மார்பில் தாங்கியதே உயிருக்கு ஆபத்தான ஆதாரமாக மாறிவிட்டது. அடுத்த சில வாரங்களில் தேசிய அணியினர் பலரும் ஆஸ்திரேலியாவுக்கும், இளையோர் அணியின் சிறுமிகள் போர்ச்சுகலுக்கும் பிரிட்டனுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் மெல்போர்ன் விக்டரி கிளப்பின் ஆதரவில், ஆஸ்திரேலியா சென்றவர்களில் பலர் உள்ளூர் லீக்கில் ஆடத் தொடங்கினார்கள். ஜெர்சியின் முதுகில் எண் மட்டும் இருந்தது. பெயர் இருந்தால் ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கு ஆபத்து. நாட்டில் மிச்சமிருந்தவர்களுக்கு ஒவ்வொரு கதவாக மூடப்பட்டது: முதலில் மேல்நிலைப் பள்ளி, பிறகு பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகம். கால்பந்துத் தடையைத் தனியாகப் பார்க்கவே முடியாது. பெண் என்பவள் பொதுவெளியில் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே ஆணையின் பல பத்திகளில் அதுவும் ஒன்று.

இதே காலத்தில் ஆப்கானிஸ்தான் ஆண்கள் அணி எந்தத் தடங்கலும் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், சுனில் சேத்ரியின் 150-வது ஆட்டத்தில், இந்தியாவை அது 2-1 என்று வென்றது நினைவிருக்கும். அந்த அணிக்குச் சர்வதேச அரங்கில் வழங்கும் கொடி எது? தலிபானின் வெள்ளைக் கொடி கிடையாது. பழைய குடியரசின் கருப்பு, சிவப்பு, பச்சை மூவண்ணம்தான். கிரிக்கெட்டிலும் அப்படியே. அதாவது ஆப்கானிஸ்தான் என்ற பெயரும் இன்று காபூலை ஆள்பவர்களும் ஒன்றல்ல என்பதைச் சர்வதேச விளையாட்டு உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆட்சியாளர்கள் ஏற்காத கொடியை ஆண்கள் ஏந்தலாம். அந்தக் கொடியின் கீழ் வளர்ந்த பெண்கள் ஏந்தக் கூடாது என்றால், தடை வேறு எதன் மீதும் இல்லை, பெண் என்பதன் மீதுதான். ஆண்கள் அணியைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கூட்டமைப்பை ஃபிஃபா 1961-இல் இடைநீக்கியது, 1976-இல் வெளியேற்றியது, 1992-இல்தான் திரும்பச் சேர்த்தது. அந்த முன்னுதாரணத்தைக் காட்டி ஆப்கன் ஆண்களையும் விலக்கச் சொல்பவர்கள் உண்டு; அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் பஞ்சமும் போரும் தின்ற ஒரு மக்களுக்கு மிச்சமிருக்கும் ஒரு மகிழ்ச்சியைப் பறிப்பதால் பெண்களுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. இருப்பதோடு பெண்களையும் சேர்ப்பதே வழி.

சிலர் கேட்கலாம்: அகதிகள் அணி என்று ஓர் ஏற்பாட்டை 2025 மே மாதம் ஃபிஃபா மன்றமே அங்கீகரித்ததே, ஆட ஓர் இடம் கிடைத்ததே, பெயரில் என்ன இருக்கிறது என்று. பெயரில் இருப்பது என்ன என்பதைத் தமிழர்களிடம் விளக்க வேண்டியதில்லை. காபூல் வீழ்ந்த அதே 2021 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டு அரசு, இலங்கை அகதிகள் முகாம் என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பலகை மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை, பத்துக்குப் பத்து வீடும் பெரிதாகிவிடவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நெற்றியில் சுமந்து பள்ளிக்கும் வேலைக்கும் போன தலைமுறைகளுக்கு அதன் கனம் தெரியும். அகதி என்ற சொல் ஒருவர் எங்கிருந்து ஓடிவந்தார் என்று சொல்கிறது. அவர் அங்கே என்னவாக இருந்தார், எதைக் கட்டியெழுப்பினார் என்பதைச் சொல்வதில்லை. ஆப்கன் வீராங்கனைகள் அடைக்கலம் தேடிய பிறகு கால்பந்து கற்றுக்கொண்டவர்கள் என்று தோன்றவைக்கிறது அந்த அடைமொழி. அவர்களில் பலரும் கால்பந்து வீராங்கனைகளாக இருந்ததாலேயே அடைக்கலம் தேட வேண்டி வந்தவர்கள். காரணத்தையும் விளைவையும் அந்தச் சொல் இடம் மாற்றிவிடுகிறது.

அடுத்த மறுப்பு பண்பாடு பற்றியது. அந்தச் சமூகம் பெண்கள் ஆடுவதை ஏற்கவில்லை, வெளியே இருப்பவர்கள் எதற்குத் தலையிட வேண்டும் என்பது. ஏற்காதவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் கொழும்பில் பாகிஸ்தானை வென்ற அணியும் அதே சமூகத்தின் பிள்ளைகள்தான். மகள்களைப் பயிற்சிக்கு அனுப்பிய தகப்பன்மார்களும் ஆப்கானியர்களே. எது பண்பாடு என்று தீர்மானிக்கும் உரிமையைத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு தரப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அதைப் பண்பாட்டுக்கு மரியாதை என்று சொல்ல முடியாது. தவிர, பெண்கள் கால்பந்தைத் தேசத்தின் பெயரால் நிறுத்தியது தலிபான் மட்டுமா? முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரஸ்டன் நகர ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் டிக் கெர் லேடீஸ் என்ற அணியாகத் திரண்டார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்காக நிதி திரட்டி ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று சொல்லி உறுப்பினர் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. மீண்டும் திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. போர்க்காலத்தில் தேசத்துக்குத் தேவைப்பட்ட உடல்கள், போர் முடிந்ததும் பிள்ளைபெறும் உடல்களாக மட்டும் இருந்தால் போதும் என்று தேசத்துக்குத் தோன்றிவிட்டது. பிரேசில் 1941-இல் சட்டமே போட்டது: பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் கூடாது என்று. அது 1979 வரை நின்றது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. இன்று இதே நாடுகள் தங்கள் பெண்கள் அணியைத் தேசத்தின் பெருமை என்று கொண்டாடுகின்றன. 2027 மகளிர் உலகக் கோப்பையை நடத்தப்போவது பிரேசில். தடை செய்த தலைமுறை பண்பாடு என்று எதைச் சொன்னதோ, அது அந்த நாடுகளின் இறுதிச் சொல்லாக நிலைக்கவில்லை. காபூலில் மட்டும் நிலைத்துவிடும் என்று நாம் ஏன் முன்கூட்டியே தீர்ப்பெழுத வேண்டும்?

இதையெல்லாம்விட அழுத்தமான மறுப்பு ஒன்று உண்டு. ஆள்பவர்களின் சம்மதமில்லாமல், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழுவை ஒரு நாட்டின் பிரதிநிதியாக ஏற்றால், நாளை ஒவ்வொரு நாடுகடந்த இயக்கமும் அணியோடு வந்து நிற்காதா? தனிநாடு கோருபவர்கள் வரமாட்டார்களா? கேள்வி நியாயமானது. அப்படிப்பட்ட அணிகளுக்கு ஃபிஃபாவுக்கு வெளியே கொனிஃபா என்ற தனி அமைப்பே இருக்கிறது. 2014-இல் ஸ்வீடனிலும் 2018-இல் லண்டனிலும் அது நடத்திய போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரில் ஓர் ஆண்கள் அணி ஆடியது. அந்தக் கோரிக்கைகளின் நியாய அநியாயம் வேறு விவாதம். ஆப்கன் பெண்களின் கோரிக்கை அந்த வகையைச் சேர்ந்ததே அன்று. அவர்கள் புதிய கொடி கேட்கவில்லை, எல்லைக் கோட்டை மாற்றச் சொல்லவில்லை. 1948 முதல் ஃபிஃபாவில் உறுப்பினராக இருக்கும் ஒரு நாட்டின் பெயரில், ஏற்கெனவே தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் திரும்பக் கேட்கிறார்கள். அந்த நாற்காலிக்குப் போட்டியிட உள்நாட்டில் வேறு மகளிர் அணியும் இல்லை. எனவே வரம்பைத் தெளிவாகவே வரையலாம்: உறுப்பு நாடு ஒன்றில் பாலினத்தின் பேரால் ஆட்டம் முற்றாக மறுக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த நாட்டின் சார்பில் ஆடத் தகுதியுள்ள வீராங்கனைகள் வெளியே இருக்க வேண்டும், உள்ளே தடை நீங்கி ஓர் அணி திரண்ட நாளில் பொறுப்பு திரும்பப் போய்விட வேண்டும். எந்தப் பிரிவினை இயக்கமும் இந்த வாசல் வழியாக நுழைய முடியாது.

நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குப் பாரிஸ் ஒலிம்பிக்கைக் காட்டலாம். 2024-இல் அங்கே ஆப்கானிஸ்தானின் பெயரிலேயே, மூவண்ணக் கொடியின் கீழேயே ஆறு பேர் போட்டியிட்டார்கள்: மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். ஓட்டக்காரர் கிமியா யூசுஃபி ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தவர். சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்ட ஹாஷிமி சகோதரிகளும் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். ஆண்கள் மூவரை மட்டுமே தங்கள் நாட்டவராகக் கருதுவதாகத் தலிபான் தரப்பு சொன்னது. சொல்லிக்கொள்ளட்டும் என்று போட்டி நடந்தது. நூறு மீட்டர் ஓடிமுடித்த யூசுஃபி, கல்வி, விளையாட்டு, எங்கள் உரிமைகள் என்று எழுதிய எண் அட்டையைக் கேமராவிடம் திருப்பிக் காட்டினார். ஒலிம்பிக் குழு செய்ததைக் கால்பந்து அமைப்பு செய்ய முடியாது என்பதற்குச் சட்டக் காரணம் இருக்கலாம்; சட்டத்தை எழுதியவர்கள் அதைத் திருத்தவும் முடியும். அரசியலை விளையாட்டில் கலக்கக் கூடாது என்ற பேச்சையும் இங்கேயே சேர்த்துப் பார்த்துவிடலாம். ஓர் அணியை இல்லாமலாக்கியதே அரசியல். அதை அப்படியே விட்டுவைப்பது நடுநிலையாகாது.

மிகக் கடினமான கேள்வியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மெல்போர்னில் பதினொரு பேர் ஆப்கானிஸ்தான் என்ற பெயரோடு ஆடுவதால், காந்தஹாரில் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பதினான்கு வயதுச் சிறுமிக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது என்பதே நேர்மையான பதில். அவளுக்கு நாளைக் காலை பள்ளி திறக்காது. வெளியே ஆடுபவர்களின் உறவினருக்கு இதனால் நெருக்கடி கூடலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்தை எடைபோடத் தகுதியானவர்கள் அந்தப் பெண்களே, அவர்கள் எடைபோட்ட பிறகுதான் கேட்கிறார்கள். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு கால்பந்து வீராங்கனையின் ஆட்ட வாழ்க்கை பத்துப் பன்னிரண்டு வருடம். 2021-இல் இருபது வயதானவருக்கு 2031-இல் முப்பது. இடைப்பட்ட காலம் முழுவதும் தேசிய அணி என்று ஒன்று இல்லாமல் போனால், கொழும்பு அரையிறுதி வரை சேர்த்துவைத்த அனுபவம் கைமாற ஆளில்லாமல் அறுந்துவிடும். நாட்டுக்குள் தடை ஒருநாள் விலகும்போது 2007-ஐப் போலவே வெறும் கையோடு தொடங்க வேண்டியிருக்கும். பெயரோடு ஓர் அணி வெளியே உயிரோடு இருந்தால், பயிற்சியாளர்களும் நடுவர்களும் மூத்த வீராங்கனைகளும் இருப்பார்கள். அந்தச் சிறுமி வளர்ந்து வரும்போது சேர்ந்துகொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று 2025 கோடையில் நடந்தது. அதில்தான் இந்தியப் பெண்கள் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, முதல்முறையாகத் தகுதிச்சுற்று வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். நாம் அதைக் கொண்டாடியது சரியே. அந்தக் குலுக்கலில் ஆப்கானிஸ்தான் என்ற சீட்டு இல்லை. கோப்பைப் போட்டியை நடத்தும் உரிமை பெற்ற நாடு ஆஸ்திரேலியா. ஆப்கன் அணியின் வீராங்கனைகள் பலர் குடியிருப்பதும், மாலையில் பயிற்சிக்குப் போவதும் அதே நாட்டில். அடுத்த தகுதிச்சுற்றின் குலுக்கல் பானைக்குள் அந்த ஒரு சீட்டைப் போட எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. ஃபிஃபாவின் விதிப்புத்தகத்தில், எந்த நாட்டுக்கும் பொருந்தும்படி, யார் தலைவராக வந்தாலும் மாறாதபடி, ஒரு பத்தி எழுதப்பட்டால் போதும்.